கல் நிற்கட்டும், அப்புறம் ஏறலாம்

அரியலூரை விட்டுப் பெரம்பலூர் ரோட்டில் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு கைலி, ஒரு சட்டை, பாதி தேய்ந்த சோப்பு. எனக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கிணறு வெட்டும் மேஸ்திரி ஒருவர் வந்துகொண்டிருந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் அவரும் நின்று பீடி பற்றவைத்தார். அவருடைய ஆள் ஒருவனை நான் கொன்றுவிட்டேன் என்பது அவர் கட்சி.

செத்தவன் கட்டைவிரல் உயரம்கூட இருக்கமாட்டான். டிவி பெட்டிக்குள் இருந்தவன். மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை, முகத்தில் இரண்டு புள்ளி. அவனுக்காக ஒரு பெரிய மனிதர் வெயிலில் என்னைத் துரத்திக்கொண்டு வருகிறாரே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. மேஸ்திரியின் கை முறம் அகலத்துக்கு இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு முன் ஏலாக்குறிச்சி மாதாகோயில் திருவிழாவில் சும்மா திரிந்துகொண்டிருந்தேன். சும்மா என்றால், அன்னதானம் எங்கே போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டலில் தட்டு கழுவி, லாரியில் கிளீனராகப் போய், திருமானூரில் கரும்பு வெட்டி, எதிலும் ஒட்டாமல் வந்து நின்றிருந்தேன். திருச்சிக்காரர் ஒருவர் வேனிலிருந்து பீரோ மாதிரி ஒரு பெட்டியை இறக்க ஆள் தேடினார். போய்த் தோள் கொடுத்தேன். அவரோடு வந்த வேலையாள் முந்தின ஊரிலேயே ஓடிப்போயிருந்தான். "இருக்கியாடா?" என்றார். இருந்துவிட்டேன்.

அந்தப் பெட்டிதான் வீடியோ கேம். நெஞ்சுயரத்தில் ஒரு டிவி, அதன் கீழே ஒரு குச்சி, ஒரு பட்டன். குச்சியை ஆட்டினால் மஞ்சள் சட்டைக்காரன் நடப்பான், ஏணி ஏறுவான். பட்டனை அமுக்கினால் குதிப்பான். ஆறு தளம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏணி. உச்சியில் கறுப்பாக ஏதோ ஒன்று நின்று கல்லை உருட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் சிவப்பாக ஒரு கதவு. அவ்வளவுதான் ஆட்டம். வெளிநாட்டில் ஒரு காசுக்கு மூன்று உயிர் உண்டாம். முதலாளி ஒரு மெக்கானிக்கைப் பிடித்து அதை ஒன்றாகக் குறைத்து வைத்திருந்தார்.

டோக்கன் கொடுப்பது, வரிசையை நகர்த்துவது, குச்சியைப் பிடுங்கப் பார்ப்பவனைத் தடுப்பது, இதுதான் என் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். ஒரு ஸ்டூல் இருந்தது. அதுவரை உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு வாய்த்ததில்லை. ராத்திரி பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொள்வேன். பகலெல்லாம் ஓடிய பெட்டி விடியும்வரை சூடாக இருக்கும். பனிக்கு மாட்டுக்கு அண்டையில் படுத்த மாதிரி சுகம். முதலாளி சொல்லியிருந்தார், இந்தத் திருவிழாக்கள் ஒழுங்காக முடிந்தால் திருச்சியில் அவர் போடப்போகிற கடையில் என்னை உட்காரவைப்பதாக. அங்கே தலைக்கு மேல் ஃபேன் உண்டு. நான் அந்த ஃபேனை நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். "மேல என்ன இருக்குன்னு எவன் கேட்டாலும், போய்ப் பாருங்கன்னு சொல்லு. நீ மட்டும் மேல போய்த் தொலைச்சிடாத. ஜனம் அத பாத்துட்டா நம்ம பொழப்பு முடிஞ்சுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆட்டத்துக்காகக் காசு போடவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போட்டார்கள். ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஏலாக்குறிச்சியில் கோயிலுக்கு வந்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மேலே இருப்பது மோட்சம், கீழே வருவதெல்லாம் நாம் செய்த பாவம். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார். முதல் கல்லிலேயே போய்விட்டான் ஆள். "நான் கொஞ்சம் ஓவராத்தான் பண்ணிட்டேன் போல," என்று முகம் வாடிப் போனார்.

திருமானூர்க்காரர்கள் வேறு கட்சி. மஞ்சள் சட்டைக்காரன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீடு போய்விட்டாள், இவன் கூப்பிடப் போகிறான், கல்லை உருட்டுவது மாமனார். இதைச் சொன்னவரின் மச்சான் பக்கத்திலேயே நின்றார்.

"ஒம்ம அப்பாதான்யா அது. நெறத்தப் பாரு."

"எங்கப்பா கல்லு உருட்டினா நீரு முதல் ஏணி தாண்டியிருப்பீரா மாமா? வாசலோட அனுப்பியிருப்பாரு."

அரியலூருக்கு வந்து கொட்டகை போட்டபோது ஒரு கொத்தனார் தினமும் வருவார். ஆடமாட்டார், குறை சொல்வார். "தளம் போட்டவன் மட்டம் பாக்கல. கோணலா போட்டா கல்லு உருளத்தான் செய்யும். ஏணிய நடுவுல வச்சிருக்கான் பாரு, எவனாச்சும் ஏணிய நடுவுல வைப்பானா?" வந்து போகிறவர்களிடம் எல்லாம் இந்த வீட்டை நம்பி ஏறாதீர்கள் என்பார். முதலாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஒரு பஸ் கண்டக்டர் நன்றாக ஆடுவார். மூன்றாம் தளம் வரை போய்விடுவார். ஆனால் அங்கே போனதும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார், ஆள் செத்துவிடுவான். பட்டன் சரியில்லை என்பார். தோற்றவர்கள் குச்சியைச் சொன்னார்கள், பட்டனைச் சொன்னார்கள், பக்கத்தில் நின்று இருமியவனைச் சொன்னார்கள். ஒருத்தர் கரண்டில் வோல்டேஜ் கம்மி, அதனால்தான் ஆள் குதிக்கத் தெம்பில்லாமல் இருக்கிறான் என்றார். தன் கையைச் சொன்னவர் யாரும் இல்லை.

நானும் காலையில் கொட்டகை திறக்கும் முன் ஆடிப் பார்ப்பேன். பெட்டி ஓடுகிறதா என்று சோதிப்பதாக முதலாளியிடம் சொல்லிக்கொள்வேன். ஐந்தாம் தளம் வரை போயிருக்கிறேன். அங்கிருந்து கதவு கைக்கெட்டும் தூரம். அத்தோடு வேண்டுமென்றே கல்லில் முட்டிக்கொண்டு செத்துவிடுவேன். ஃபேன் இருக்கிறதே.

அன்று சந்தை நாள். ஜனம் நெரிந்தது. மத்தியானம் சாய்ந்த நேரத்தில் மேஸ்திரி தன் செட்டு ஆட்களோடு உள்ளே வந்தார். ரஞ்சன்குடிப் பக்கத்து ஆட்கள், பெரம்பலூர் ரோட்டில் ஒருவர் நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலைமயிரிலும் கல்தூள். மேஸ்திரி பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார், டிவிக்குள் குனிந்து பார்த்தார்.

"இது கெணறு," என்றார்.

"வூடுங்க," என்றேன்.

"எந்த வூட்டுலடா மேலேருந்து கல்லு வருது? கெணறுதான். கீழ ஆள் நிக்கிறான். மேல இருக்கறவன் தண்ணியப் போட்டுட்டு வேலைக்கு வந்திருக்கான்."

செட்டு முழுக்கத் தலையாட்டியது. டோக்கன் வாங்கிப் போட்டார். எல்லோரும் எடுத்த எடுப்பில் குச்சியை வலப்பக்கம் தள்ளி ஏணிக்கு ஓடுவார்கள். மேஸ்திரி இடப்பக்கம் தள்ளினார். கீழ்த்தளத்தின் இடது மூலைக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். உருண்டு வருகிற கல் எல்லாம் அவனுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே தரைக்குள் மறைந்தது. அப்படி ஒரு மூலை இருப்பது எனக்கே அதுவரை தெரியாது. அங்கே போகவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இப்ப ஏறுங்க," என்றேன்.

"கல்லு நிக்கட்டும், அப்புறம் ஏறலாம்."

"கல்லு நிக்காதுங்க."

"நிக்கும். மேல இருக்கறவனுக்குக் கை வலிக்காதா?"

கல் நிற்கவில்லை. மேஸ்திரியும் ஏறவில்லை. கயிற்றைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஆட்கள் போய் டீ வாங்கி வந்து வாயில் ஊற்றினார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது, "ஆள் சாகும்வரை ஆடலாம்" என்று. முதலாளியே எழுதவைத்தது. மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே வரும்போதே அதை ஒருத்தனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"யோவ், ஏறுய்யா! நாங்கல்லாம் ஆட வேணாமா?" என்று வரிசையில் ஒருத்தன் கத்தினான்.

"நீ ஒரு கெணத்துல எறங்கிப் பாரு, அப்புறம் வந்து சொல்லு," என்றார் மேஸ்திரி, திரும்பாமல்.

கொஞ்ச நேரத்தில் கட்சி மாறத் தொடங்கியது. மோர் விற்கிற ஒரு அம்மா பானையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஏன் சத்தம் போடுறீங்க? இத்தினி நாளா எத்தன பேரு ஆடினீங்க, ஒருத்தன் கையிலயாச்சும் இந்தப் புள்ள பொழச்சுதா? இவரு கையிலதான் பொழச்சிருக்கு. இவருதான் ஆட்டக்காரரு."

கொத்தனாரும் அதையே சொன்னார். கட்டடம் சரியில்லாத இடத்தில் ஓரமாக நிற்பவன்தான் புத்திசாலியாம். வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஆளு உசுரோட இருக்கானா?" என்று கேட்டார்கள். "இருக்கான், இருக்கான்," என்று உள்ளேயிருந்து பதில் போனது. கொட்டகை நிறைய ஆள், டோக்கன் ஒன்றுகூட விற்கவில்லை.

முதலாளி என்னை ஓரமாக இழுத்தார். வாயில் வெற்றிலை, கண்ணில் ரத்தம். "டேய், சந்தை நாளு மொத்தமும் அந்தாளு கையில போகுது. அவன எப்படியாச்சும் கெளப்பு. இல்ல, நீ கெளம்பு."

எப்படிக் கிளப்புவது? நான் நின்றால் அவர் தோள் அளவுதான் இருப்பேன். நல்லவேளையாக டீ தன் வேலையைக் காட்டியது. மேஸ்திரி கால் மாற்றி மாற்றி நின்றார். செட்டு ஆட்கள் பரோட்டா தின்னப் போயிருந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, செத்த புடி. வெளிய போயிட்டு வந்துடறேன்."

குச்சியில் கை வைத்தேன். அவர் விடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "கீழ ஆள் இருக்கு," என்றார்.

"சரிங்க."

"சரிங்க இல்ல. கெணத்துல கயிறு கை மாத்துறப்ப நான் ஆள் இருக்குன்னு சொன்னா, வாங்கறவனும் ஆள் இருக்குன்னு சொல்லணும். சொன்னாத்தான் விடுவேன்."

"ஆள் இருக்குங்க," என்றேன். குச்சியை விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி எனக்கு ஜாடை காட்டினார். கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார். அதாவது, ஆளை முடித்துவிடு. சுலபமான வேலை. மூலையை விட்டு இரண்டடி நடத்தினால் போதும், கல் பார்த்துக்கொள்ளும். நடத்தினேன். கல் வந்தது. நான் சாகடிக்கத்தான் போனேன், கை கேட்கவில்லை. பட்டனை அமுக்கிவிட்டது. ஆள் குதித்துத் தாண்டினான். அடுத்த கல் வந்தது, அதையும் தாண்டினான். காலையிலெல்லாம் பழகிய கை. கல்லைக் கண்டால் அதுவாகவே அமுக்கியது.

"ஏறுறான்டா!" என்று யாரோ கத்தினார்கள். அத்தோடு கொட்டகை என் முதுகில் வந்து விழுந்தது.

முதல் ஏணி. இரண்டாவது. மூன்றாவதில் கண்டக்டர் என் காதுக்குள், "திரும்பிப் பாக்காத, திரும்பிப் பாக்காத," என்றார். மோர்க்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். முதலாளி கூட்டத்துக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டது. ஐந்தாம் தளத்துக்கு வந்ததும் ஒரு கல்லுக்காகக் காத்தேன், எப்போதும் போல முட்டிக்கொண்டு சாகலாம் என்று. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சாவதற்கு ஒரு மனசு வேண்டும். அது எனக்கு இல்லை. கடைசி ஏணியில் ஏறினேன். கறுப்பைத் தாண்டிக் குதித்தேன். கதவுக்குள் போனான்.

டிவி ஒருமுறை இருண்டது. டிங் டிங் என்று ஒரு பாட்டு வந்தது. பிறகு வெளிச்சம். அதே ஆறு தளம், அதே ஏணி, அதே கறுப்பு, அதே சிவப்புக் கதவு. கீழே அதே மஞ்சள் சட்டைக்காரன். தளம் மட்டும் பச்சையிலிருந்து நீலமாக மாறியிருந்தது. கல் கொஞ்சம் வேகமாக வந்தது.

பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி டிவிக்குள் தேடினார்கள். நானும் குச்சியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இவ்ளோதானா?" என்றார் சந்தைக்கு வந்திருந்த மாமனார் கட்சிக்காரர் ஒருவர்.

"மேல போனா கீழயே வந்து நிக்கிறான்யா," என்றார் கொத்தனார். "நான் அன்னிக்கே சொன்னேன், கட்டடம் சரியில்லன்னு."

மோர்க்காரம்மா பானையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "இதுக்கா இத்தன பேரு செத்தீங்க? மூலையிலயே நின்னிருக்கலாம்."

கூட்டம் கலைந்தது. வரிசையில் நின்றவர்கள் முன்பே வாங்கி வைத்திருந்த டோக்கனை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வாங்கமாட்டேன் என்றார். அவர்கள் அவர் பைக்குள் திணித்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் குச்சியை மறந்தேன். வேகமான கல் ஒன்று வந்து மஞ்சள் சட்டைக்காரனைத் தட்டியது. அவன் குப்புற விழுந்து, சுருண்டு, காணாமல் போனான்.

அப்போதுதான் மேஸ்திரி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார்.

"என் ஆளு எங்க?"

நான் பதில் சொல்லும் முன் முதலாளி பதில் சொல்லிவிட்டார், என் பையைத் தூக்கி வாசலில் எறிந்து. அவர் என் அம்மாவைப் பற்றியும் சொன்னார், அதை எழுதவேண்டாம். ஃபேன் போயிற்று. ஸ்டூல் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ரோடு காலியாக இருந்ததோ அந்தப் பக்கம் நடந்தேன். அது பெரம்பலூர் ரோடு. மேஸ்திரியும் அதே ரோட்டில்தான் போகவேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

புளியமரங்கள் முடிகிற இடத்தில் நானே நின்றுவிட்டேன். ஓடித் தப்ப முடியாது, காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்திருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்று பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பின்னால் செட்டு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

"ஆள் இருக்குன்னு சொல்லித்தான வாங்கின?"

"அது பொம்மைங்க."

"பொம்மைன்னு சொல்லி வாங்கினியா, ஆள்னு சொல்லி வாங்கினியா?"

"ஆள்னுதாங்க."

"அப்புறம்?"

செட்டில் கொஞ்சம் வயதான ஒருத்தர் எனக்கு விளக்கினார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்தொட்டிக் கயிறு வாங்கினவன் கவனப் பிசகில் கீழே நிற்பவனுக்கு அடிபட்டால், அடிபட்டவன் எழுந்து வேலைக்கு வரும்வரை அவன் இடத்தில் கயிறு வாங்கினவன் இறங்கவேண்டும். சோறு உண்டு, கூலி உண்டு, ஆனால் இறங்கித்தான் ஆகவேண்டும்.

"அந்தப் பய எப்ப எழும்புவான்?" என்று மேஸ்திரி கேட்டார். கேலியா, நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"யாராச்சும் டோக்கன் போட்டா எழும்புவாங்க."

மேஸ்திரி திரும்பி அரியலூர்ப் பக்கம் பார்த்தார். "இனிமே அங்க எவன் டோக்கன் போடுவான்?"

செட்டு ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தன் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. அவர்களோடு நடந்தேன். அவர்கள் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகையில் சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். இரண்டாம் முறை கேட்காமலேயே வைத்தார்கள். படுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் மேலே என்ன இருக்குமென்று நினைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டேன்.

"மேல என்ன இருக்கும்? வெயிலுதான் இருக்கும்," என்றான் பையை வாங்கியவன். அதோடு தூங்கிப்போனான்.

விடிந்ததும் மேஸ்திரி என்னைக் கிணற்று விளிம்புக்குக் கூட்டிப்போனார். எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் வெளிச்சம், முந்தின நாள் வெடிவைத்து உடைத்த பாறை சில்லு சில்லாகக் கிடந்தது. கயிறு பிடிக்கிற வேலை கிடைக்குமா என்று கேட்டேன். அது இன்னும் கொஞ்ச காலத்துக்கு எனக்கு இல்லை என்றார். தலைக்குச் சுருட்டிக்கொள்ள ஒரு பழைய துண்டைக் கொடுத்தார். கல் பொறுக்கித் தொட்டியில் நிரப்பி மேலே அனுப்புவதுதான் என் வேலை. இரும்புத் தொட்டி வெறுமையாகக் கீழே இறங்கியது. அதன் பின்னாலேயே நானும் படியில் கால் வைத்து இறங்கினேன். முதல் தொட்டியைக் கூம்பாக நிரப்பிவிட்டேன். மேலேயிருந்து மேஸ்திரி, வழிய வழிய நிரப்பாதே, உருண்டால் உன் தலையில்தான் விழும், பாதி நிரம்பியதும் குரல் கொடு என்று திட்டினார். கொட்டிவிட்டு மறுபடி பாதிக்கு நிரப்பினேன்.